வால் எஞ்சின் மேல் ஒரு சத்தியம்

பய்யூமியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். பத்தொன்பது வருடமாக அவனோடு ஒரே சிமெண்டுத் தளத்தில் வெந்துகொண்டிருக்கிறேன். என் சாப்பாட்டு மூட்டையிலிருந்து வெங்காயத்தை எடுத்துத் தின்பான், என் டீயில் பாதியைக் குடிப்பான், குடித்துவிட்டு சர்க்கரை போதவில்லை என்று என்னையே வைவான். மேல் எகிப்தில் வாய் இல்லாதவன் பிழைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பத்துப் பேருக்கு உரிய வாயை அல்லாஹ் இவன் ஒருத்தனுக்கே கொடுத்துவிட்டான்.

என் பெயர் வஹ்தான். விமானத்தின் மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளும் டிராக்டர் என்னுடையது. பய்யூமியிடம் இரண்டு வண்டிகள். ஒன்று, நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் கொடுப்பது. மற்றது, தடித்த மஞ்சள் குழாய் வழியாக அதன் வயிற்றுக்குள் குளிர்காற்றை ஊதுவது. கரண்ட் வண்டி கிழட்டு டீசல். கிளப்பினால் மூன்று முறை இருமிக் கறுப்பாகக் கக்கிவிட்டுத்தான் வேலைக்கு வரும். அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தான். நிஜ மாமியார் உயிரோடு இருந்தவரை இந்தப் பெயரை அவள் காதில் விழாமல் காப்பாற்றியது எங்கள் பாடு.

இந்த வண்டிகள் எதற்கு? தரைக்கு வந்து பெரிய எஞ்சின்களை அணைத்த பிறகும் விமானத்தின் வாலில் ஒரு குட்டி எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே விளக்கு எரிவதும் ஏ.சி. ஓடுவதும் அதனால்தான். பய்யூமியின் இரண்டு வண்டிகளையும் செருகினால் வால் எஞ்சினை அணைத்துவிடலாம். அணைக்கத்தான் வண்டிகளையே வாங்கினார்கள். அணைப்பது யார்? எந்தக் கேப்டனுக்கும் மனசு வராது. அது கத்துகிற கத்தலில் எங்கள் காது போச்சு, கக்குகிற சூட்டில் எங்கள் தோல் போச்சு, நாற்றத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கறுப்புப் புகை வராததால் சுத்தமான எஞ்சின் என்று பெயர் வேறு. மாமியார் கொஞ்சம் கறுப்பாகத் துப்பினால் மட்டும் பெரிய அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒருநாள் எண்ணெய் லாரிக்காரன் பேச்சுவாக்கில் ஒரு கணக்கைச் சொல்லித் தொலைத்தான். வால் எஞ்சின் ஒரு மணி நேரம் குடிக்கும் எண்ணெயில், பதினாலு பேரை ஏற்றிய மைக்ரோபஸ் ஒன்று இங்கிருந்து கெய்ரோ போய்த் திரும்பி வந்துவிடலாமாம். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. அதன்பின் பய்யூமிக்கு நேரம் என்பதே மைக்ரோபஸ்தான். "வஹ்தான், அந்த சார்ட்டர் விமானம் காலையில இருந்து மூணு மைக்ரோபஸ் நிக்குதுடா! ஒரு ஆளு ஏறல, ஒரு ஆளு இறங்கல, மூணு மைக்ரோபஸ் கெய்ரோ போய்ட்டு வந்துருச்சு!" என்பான். தொழுகைக்கு நேரமாயிற்றா என்று கேட்டால் இன்னும் அரை மைக்ரோபஸ் இருக்கிறது என்பான்.

அவனுக்கு ஏன் இந்த வெறி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். துவைராவுக்கு வந்து பார்த்தால் புரியும். விமானம் நிற்கும் தளத்தின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் ஊர். விமானங்கள் எங்களுக்கு முகத்தைக் காட்டுவதில்லை, பின்புறத்தைத்தான் காட்டும். மதிலை ஒட்டிய முதல் வீடு பய்யூமியுடையது. அவன் அப்பா கரும்புத் தோட்டம் வைத்திருந்த காலத்தில் கட்டியது. தோட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடுதளம் போட்டார்கள், பதிலுக்கு மகனுக்கு வேலை கொடுத்தார்கள். வீட்டை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் இன்ஷிராஹ். நைலுக்கு மேற்குக் கரை, கோம் ரீஷா ஊர்க்காரி. பய்யூமியை வாயால் ஜெயித்த ஒரே ஜீவன். அவர்களுடைய ஒரே மகள் நஜ்வா கல்யாணமாகி ஸூயஸில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் தெருவே அவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். காலையில் அவள் மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் மதியத்துக்குள் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். மாடியில் நின்றபடியே மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற புருஷனைக் கூப்பிட்டுத் திட்டுவாள். அவன் கீழிருந்து பதில் திட்டுவான். பயணிகள் படியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. திட்ட ஆரம்பிப்பாள், பாதியில் இருமல் வந்து மறித்துவிடும். மீதித் திட்டுக்காக பய்யூமி கீழே காத்துக்கொண்டு நிற்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல சிகரெட் யாரு பிடிக்கிறது?" என்று இவனை முறைத்தார்.

"சிகரெட் யாரும் பிடிக்கிறதில்ல டாக்டர். குடும்பத்தோட விமானம் பிடிக்கிறோம்" என்றான் பய்யூமி.

டாக்டர் மருந்து எழுதினார். புகையில்லாத இடத்தில் இருக்கச் சொன்னார். அந்த இடம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் பய்யூமிக்குப் பித்து முற்றியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேப்டனிடம் பேசுகிறவனும் அவனே என்பதால் எந்தக் கேப்டனும் தப்பவில்லை. விமானம் நின்றதும் வயரைச் செருகிவிட்டு, "கேப்டன், கரண்ட் ரெடி, காத்து ரெடி, வால்ல இருக்கறத அணைங்க" என்று ஆரம்பிப்பான். அணைக்காவிட்டால் விமானத்தின் வயிற்றில் உள்ளங்கையால் டமடமவென்று தட்டுவான். ஒருமுறை ஒரு ஜெர்மன் கிழவி, தன் பயணத்தின் புகைக்காக எங்கோ ஒரு மரம் நடப் பணம் கட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னாள். வழிகாட்டி அதை மொழிபெயர்த்தான். பய்யூமி ரொம்ப மரியாதையாகக் கேட்டான். "அல்லாஹ் உங்களுக்கு ஆயுசக் கொடுக்கட்டும், அம்மா. அந்த மரம் எந்த ஊர்ல நிக்குது? எங்க வீட்டு மாடிக்குக் கொஞ்சம் அனுப்பச் சொல்றீங்களா?" வழிகாட்டி அதை மொழிபெயர்க்கவில்லை.

இப்போது அவனுடைய இன்னொரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவன் பழக்கம் மட்டுமில்லை, எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேருக்கு உண்டு. எதற்கெடுத்தாலும் தலாக் மேல் சத்தியம். விருந்தாளி இன்னொரு கோழித்துண்டு வேண்டாம் என்றால், "நீ இதைத் தின்னலேன்னா என் பெண்டாட்டிக்குத் தலாக்!" பாவம், அவள் அடுப்படியில் அவர்களுக்காகத்தான் வெந்துகொண்டிருப்பாள். சத்தியம் பலித்துவிட்டால் சரி. பலிக்காவிட்டால் ஷேக்கிடம் ஓட வேண்டும். மனதார நினைத்துச் சொன்னாயா, சும்மா வாய்ப்பேச்சா என்று ஷேக் கேட்பார். புத்தியுள்ளவன் சும்மா சொன்னேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவான். பய்யூமிக்குப் பொய் வராது.

முதல் தடவை, ஒரு சித்தப்பா மகன் வாத்துக்கால் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டான். ஷேக் மப்ரூக் கேட்டார், "மனசார நெனச்சுச் சொன்னியா?" இவன், "அந்த நிமிஷம் எனக்கு இருந்த கோவத்துல நெசமாவே நெனச்சேன், மௌலானா" என்றான். மார்க்கம் கொடுத்த மூன்று தலாக்கில் ஒன்று போனது. இரண்டாவது, பக்கத்து வீட்டுக் கழுதை இனி என் முற்றத்துக்குள் வந்தால் தலாக் என்றான். கழுதைக்கு இவன் சத்தியம் தெரியுமா? மறுநாள் காலையிலேயே உள்ளே வந்து நின்றது. இரண்டும் போனது. இரண்டு முறையும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மார்க்கத்தில் வழி இருந்தது, சேர்த்துக்கொண்டான்.

அப்போது ஷேக் விரலை நீட்டி எச்சரித்தார். "பய்யூமி, மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா அவ உனக்கு அந்நியப் பொம்பள. நானும் ஒண்ணும் பண்ண முடியாது, ஊரும் ஒண்ணும் பண்ண முடியாது."

பய்யூமி அழுதேவிட்டான். இனி அந்த வார்த்தை என் வாயில் வராது என்று சொன்னான். எட்டு வருடம் வரவும் இல்லை.

வந்தது போன சித்திரை வெயிலில், பாலைவனத்து மணலை வாரிக்கொண்டு வரும் கம்ஸீன் காற்று அடித்த ஒரு நாள். எங்கள் ஊரில் நாற்பத்துமூன்று டிகிரி. கெய்ரோ விமானத்தில் நூற்றறுபது பேரும் ஏறிக் கதவு சாத்தியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கெய்ரோவில் மணற்புயல், யாரும் வர வேண்டாம் என்று தகவல் வந்தது. சக்கரம் உருளாமல் கட்டை கொடுத்திருந்த விமானம் நின்ற இடத்தில் நின்றது. வால் எஞ்சின் இன்ஷிராஹ் வீட்டு மாடிக்கு நேராக நின்று கத்திக்கொண்டிருந்தது. ஓட்டுவது கேப்டன் ஹாஸிம். தொப்பியும் தோள்பட்டைக் கோடுகளும் இருந்தாலும் ஆள் மேல் எகிப்து ஸோஹாக் ஊர்க்காரன், எங்களைவிட ஒரு படி முன்கோபி.

பய்யூமி இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்து செருகினான். நான் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கேப்டன், எல்லாம் ரெடி. வால்ல இருக்கறத அணைச்சிடுங்க."

"வேண்டாம்."

"ரெண்டு மணி நேரமாவது ஆகும்ங்கறாங்க. ரெண்டு மைக்ரோபஸ் கேப்டன்!"

"போன மாசம் உன் மாமியார் பாதியில மண்டையப் போட்டா. என் திரையெல்லாம் இருண்டுபோயி முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பப் போட்டேன். மறந்துட்டியா?"

"அன்னிக்கு அவளுக்கு வடிகட்டி அடைச்சிருந்துச்சு. மாத்திட்டேன். இப்ப குமரி மாதிரி ஓடுறா."

"பய்யூமி, உயிர வாங்காத. மேல ஏறினா கெய்ரோ போறதுக்குள்ள முப்பது மைக்ரோபஸ் எரிக்கிறேன். அதுக்கு நீ மூச்சு விடல. கீழ ஒண்ணுக்கு எதுக்கு ஊளையிடுற?"

"மேல போறப்ப ஆளுங்களக் கொண்டுபோறீங்க, ஏதோ போய்த் தொலையட்டும். இது ஒரு அடி நகராம நின்ன இடத்துலயே குடிக்குது. குடிச்சிட்டு என் வீட்டு மேல கக்குது!"

"உன் வீட்ட அங்க யாரு கட்டச் சொன்னா?"

கேப்டன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பய்யூமியின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய் வாயைப் பொத்தியிருக்கலாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் வீட்டக் கட்டறப்ப இது எங்கப்பன் கரும்புத் தோட்டம்டா! தலாக் மேல சத்தியமா சொல்றேன், அந்த எஞ்சின் அணையாம உன் சக்கரத்துக் கட்டை இங்கருந்து நகராது. நகர்ந்தா என் பெண்டாட்டிக்குத் தலாக்!"

 சரி, அந்த மனிதனாவது படித்தவன், விட்டுக்கொடுப்பான் என்று நினைத்தேன். எங்கே!

"நானும் ஸோஹாக்காரன்தான்டா! நான் இத அணைச்சா என் பெண்டாட்டிக்குத் தலாக்!"

தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு பெண்கள், ஒருத்தி மதிலுக்கு அப்பால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், ஒருத்தி கெய்ரோவில் என்ன செய்துகொண்டிருந்தாளோ. ஒரு வால் எஞ்சினில் இரண்டு பேருடைய குடும்பத்தையும் இந்த மடையர்கள் கட்டித் தொங்கவிட்டார்கள்.

கோபம் இறங்கியதும்தான் பய்யூமிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. "வஹ்தான், நான் சொன்னேனா?" என்று கேட்டான். சொன்னாய் என்றேன். "மனசார நெனச்சேன்டா. நெசமாவே நெனச்சேன்" என்று மூக்குச் சக்கரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கேப்டன் அணைக்க மாட்டார், அணைத்தால் அவர் மனைவி போய்விடுவாள். கட்டையை எடுத்தால் இன்ஷிராஹ் போய்விடுவாள். இந்தத் தடவை திரும்பி வர வழியே கிடையாது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கெய்ரோவில் காற்று அடங்கியது, புறப்படலாம் என்றார்கள். மேலாளர் காரில் வந்து இறங்கினார். டையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து, "வஹ்தான், கட்டைய எடு" என்றார்.

பய்யூமி கட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். "வஹ்தான், எடுத்துராத. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்." பத்தொன்பது வருடத்தில் அவன் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

"என்ன நாடகம் இது? வஹ்தான், எடுக்கிறியா, இல்ல உன்னையும் சேர்த்து ரிப்போர்ட் எழுதட்டுமா?" என்றார் மேலாளர்.

எனக்கும் வேலை வேண்டும். பொய் சொல்லவில்லை, நான் குனிந்தேன். கட்டையின் கயிற்றில் கை வைத்தும்விட்டேன். அந்த நேரத்தில்தான் பய்யூமி மேலே பார்த்தான். மூக்குச் சக்கரத்துக்கு மேலே, தினமும் அவன் வயரைச் செருகும் அதே இடத்தில், ஒரு சின்னப் பலகை. அதில் வால் எஞ்சினை வெளியிலிருந்தே அணைக்கும் பொத்தான். தீப்பிடித்தால் மட்டும் அமுக்க வேண்டியது. சும்மா தொட்டவனுக்கு வேலை போய்விடும் என்று முதல் நாள் பயிற்சியிலேயே மிரட்டியிருந்தார்கள். அவனுடைய பகையாளியின் கழுத்து இத்தனை வருடமும் அவன் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. பயத்தில் தொடவில்லை.

இப்போது எழுந்து அமுக்கினான்.

வால் எஞ்சின் இறங்கி இறங்கி நின்றுபோனது. உள்ளே விளக்குகள் போய் நூற்றறுபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மேலாளர் கத்தினார். மாமியார் மூன்று தடவை இருமினாள், நான் 'யா ரப், இறைவா' என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தாக்குப்பிடித்தாள். கேப்டன் உள்ளேயிருந்து வண்டிக் கரண்டுக்கு மாறிக்கொண்டார், விளக்குகள் வந்தன.

பய்யூமி ஹெட்செட்டில், மூச்சு வாங்க, "கேப்டன், நீங்க அணைக்கல. நான்தான் அணைச்சேன். உங்க வீட்டம்மா பத்திரம். என் வீட்டம்மாவும் பத்திரம்" என்றான். சொல்லிக்கொண்டே கட்டையைத் தன் கையாலேயே இழுத்து எறிந்தான்.

 மறுமுனையிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது.

கூத்து என்னவென்றால் அடுத்த நிமிடமே கெய்ரோவில் மறுபடி மணல் எழுந்து, விமானம் இன்னும் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றது. கட்டையைத் திரும்ப வைத்தோம். வைப்பதைப் பற்றி யாரும் சத்தியம் செய்யவில்லை. கேப்டன் வால் எஞ்சினைத் திரும்பக் கிளப்பவில்லை. மஞ்சள் குழாயில் காற்று போய்க்கொண்டிருந்தது. அந்தக் கத்தல் இல்லாமல் எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மெதுவாகப் பேசினாலே கேட்டது. மதிலுக்கு அப்பால் யார் வீட்டிலோ பாத்திரம் உருளும் சத்தம் கூடக் கேட்டது. பாதியில் கேப்டன் கூப்பிட்டு, "காத்து பரவால்ல" என்றார். அவ்வளவுதான்.

பய்யூமிக்கு வேலை போகவில்லை. கேப்டன் எழுதிய அறிக்கையில் சத்தியத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது, பொத்தானில் கைதவறிப் பட்டதாக இருந்தது. ஒரு மாதம் அவனைப் பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கு மாற்றினார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பொத்தானைத் தொடுகிறவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று அதில் இருந்தது. வால் எஞ்சினை யார் அணைப்பது என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அன்று வேலை முடிந்து நான்தான் அவனோடு வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகப் பயந்தான். செய்தி எங்களுக்கு முன்பே போய்விட்டது. இன்ஷிராஹ் வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஷேக்கக் கேட்டேன்" என்று பய்யூமி ஆரம்பித்தான். "சத்தியம் நெறவேறிடுச்சு, ஒண்ணும் போகலன்னு சொல்லிட்டாரு."

"ஒண்ணும் போகலதான். வாத்துக்கால்ல என்னைய வெச்ச, கழுதைல வெச்ச, இப்ப விமானத்துப் பின்பக்கத்துல வெச்சுட்ட. அந்தப் பொத்தான் மட்டும் அங்க இல்லன்னா?"

"கட்டையக் கட்டிப்பிடிச்சிட்டு சக்கரத்துக்கு அடியிலயே கெடந்திருப்பேன்."

"விமானம் உன் மேல ஏறிப் போயிருக்கும்."

"அப்ப நீ விதவை ஆயிருப்ப. தலாக் ஆனவளா ஆயிருக்க மாட்ட."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைத் திறந்து சிரித்த உடனே இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வழிய வழிய இருமினாள். பய்யூமி தண்ணீர் கொண்டு வந்து நீட்டியபடி நின்றான். இருமல் அடங்கியதும் அவள் தண்ணீரை வாங்கிக் குடித்தாள், டம்ளரை அவன் கையில் கொடுத்தாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோம் ரீஷாவுக்கு அண்ணன் அபுல்வஃபா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பது நாள் அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வெங்காயத்தைக் கூட என் மூட்டையிலிருந்து எடுக்கவில்லை. போன் செய்தால் அவள் எடுக்க மாட்டாள். கடைசியில் ஷேக் மப்ரூக்கே, பெரியவர்களாகப் போய் முறையாக அழைத்து வருவோம் என்றார். ஷேக், நான், பய்யூமி கிளம்பினோம். நாலாவது ஆளாக யார் வந்து நின்றார் தெரியுமா? கேப்டன் ஹாஸிம், கையில் ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்போடு. "நீங்க போய் அந்தப் பொம்பளகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வராம என் கதவத் தட்டாதீங்கன்னு எங்க வீட்ல சொல்லிட்டா" என்றார்.

படகில் ஆற்றைக் கடக்கும்போது அவர் பய்யூமியிடம், "இப்பெல்லாம் நான் அணைச்சிடறேன். மத்த பதினோரு கேப்டனுக்கும் சொல்லிப் பாத்தேன். சிரிக்கிறாங்க" என்றார்.  பய்யூமி அன்று யாரோடும் வம்பு பேசவில்லை.

அபுல்வஃபா வீட்டில் தேநீர் வந்தது. ஷேக் பேச வேண்டியதைப் பேசினார். கேப்டன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நான், இவன் சாப்பிடுவதே இல்லை, ஆள் பாதியாகிவிட்டான் என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இன்ஷிராஹ் கதவோரம் நின்றாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"எனக்குக் கோவம் என்னிக்கோ போயிடுச்சு" என்றாள். "நஜ்வா அப்பா, உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் இவ்வளவு நேரமா இங்க நிக்கறேனே, இருமினேனா?"

 உள்ளேயிருந்து அண்ணன் மனைவிதான் பதில் சொன்னாள். "வந்த ஒரு வாரம் இருமினா. அப்புறம் இல்ல. மாவு சலிக்கறப்பக்கூட இல்ல."

"நீ வான்னு சொன்னா வர்றேன்" என்றாள் இன்ஷிராஹ். "பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க. சொல்லு."

எல்லோரும் பய்யூமியைப் பார்த்தோம். வா என்ற ஒரு சொல்லுக்காக நாற்பது நாள் தூங்காதவன். இவளுக்காக விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்தவன். எழுந்து நின்றான்.  கண்ணிலிருந்து நீர் மீசையில் இறங்கியது, துடைக்கவில்லை.

"வராத, இன்ஷிராஹ். இங்கயே இரு."

ஷேக் பதறிப்போய், "அட பாவி, இதுக்கா ஆத்தக் கடந்து வந்தோம்?" என்றார். இன்ஷிராஹ் அழுதுகொண்டே, "வியாழக்கிழமை வந்துரு. வெள்ளி தொழுதுட்டுப் போ" என்றாள். பஸ்பூஸா பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் வைத்தாள். அவனுக்கு இரண்டு துண்டு வைத்தாள்.

இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் பய்யூமி சட்டை மாற்றிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடுகிறான். மற்ற நாட்களில் எங்களோடு நின்று ஹெட்செட்டில் கேப்டன்களை வைகிறான். ஒருவர் அணைக்கிறார், பதினோரு பேர் அணைப்பதில்லை. என் வீடு அவன் வீட்டுக்கு அடுத்த வீடு. என் மனைவியும் இரண்டு வருடமாக இருமுகிறாள். அவளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் யாரும் இல்லை.